முதல் தியான நூலை எழுத உட்காருகிறவர்களுக்கு

தியான நூலை, அதாவது நாளுக்கு ஒரு வேதவசனத்தை வைத்து எழுதிய சிறு சிந்தனைகளின் தொகுப்பை, பெரும்பாலும் தனியாக இருக்கும்போதுதான் வாசிக்கிறார்கள். வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்னால், மருத்துவமனைக் கட்டிலின் அருகே, தூக்கம் வராத இரவில். பிரசங்கம் கேட்டவர் ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய், "நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லையே" என்று கேட்டுவிடலாம். புத்தகத்தோடு இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் எழுதிவைத்த வரி மட்டும்தான் அவர் கையில் இருக்கும். ஆகவே நடை அழகு, உவமை, கவித்துவம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: தேவன் தராத வாக்குறுதியை அவர் பெயரில் நான் தரமாட்டேன். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

யாருக்காக எழுதுகிறீர்கள்?

"எல்லா விசுவாசிகளுக்கும்" என்று பதில் சொன்னால் இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். கணவரை இழந்து ஆறு மாதமான பெண். வேலை போன பிறகு சபைக்கு வரக் கூச்சப்படும் இளைஞர். பல வருடம் ஊழியம் செய்து களைத்துப்போனவர். புதிதாக விசுவாசத்துக்கு வந்து, வேதாகமத்தை எங்கே திறப்பது என்று தெரியாமல் இருப்பவர். இந்த நான்கு பேருக்கும் ஒரே புத்தகம் பொருந்தாது.

ஆளைத் தீர்மானித்ததும் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அவர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி என்ன? மற்றவர்கள் அவருக்குச் சொல்லி, அவருக்குச் சலித்துப்போன ஆறுதல் வார்த்தை எது? ஒரு நாளில் அவரால் எத்தனை நிமிடம் வாசிக்க முடியும்? இரண்டாவது கேள்வியை அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். துக்கத்தில் இருப்பவரிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். உங்கள் புத்தகமும் அதையே சொல்லித் தொடங்கினால் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவார்.

மிஷனரி ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கையில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1931-ல் தவறி விழுந்து காயப்பட்ட அவர், 1951-ல் மறையும்வரை பெரும்பாலும் தோனாவூரில் தம் அறையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. நோயாளிகளுக்கான ஆறுதல் நூல்களில் பல, நலமாக இருப்பவர்கள் எழுதியவை என்று அவருக்குத் தோன்றியது. அதனால் நோயாளியாகவே இருந்து நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார், அவை புத்தகமாயின. எல்லாரும் அப்படிப் படுத்த படுக்கையிலிருந்து எழுத வேண்டும் என்பதல்ல. ஆனால் 2 கொரிந்தியர் 1:4-ல் பவுல் சொல்லும் ஒழுங்கு அதுதான்: நாம் பெற்ற ஆறுதலால் மற்றவரை ஆறுதல்படுத்துவது. நீங்கள் எந்த இடத்தில் ஆறுதல் பெற்றீர்களோ, முதல் புத்தகத்தை அந்த இடத்திலிருந்து எழுதுங்கள்.

எத்தனை நாள், எவ்வளவு நீளம்?

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு 365 நாள் புத்தகத்தின் மேல் பெரிய ஆசை இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 300 சொல் என்றால் 1,09,500 சொல். அனுபவப்பட்டவர்களுக்கே நடுவில் சரக்குத் தீர்ந்து, சொன்னதையே திரும்பச் சொல்லும் நிலை வரும். 31 நாள் போதும். 31 தியானம், ஒவ்வொன்றும் 300 முதல் 350 சொல் என்றால் மொத்தம் பத்தாயிரத்தை ஒட்டி வரும். வாரத்துக்கு மூன்று எழுதினால் பதினொரு வாரத்தில் முதல் பிரதி முடிந்துவிடும். 40 நாள் என்பதும் நல்ல அளவு. தவசு நாட்களுக்கு எழுதுகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

"ஜனவரி 1" என்று தேதி போடுவதைவிட "நாள் 1" என்று போடுவது நல்லது. துக்கமும் சோர்வும் எந்தத் தேதியிலும் தொடங்கும். மார்ச் மாதம் புத்தகம் கையில் கிடைத்தவருக்கு, முன்னால் உள்ள பக்கங்களைத் தவறவிட்டோம் என்ற உணர்வு வரக் கூடாது.

எழுதத் தொடங்கும் முன்னால் ஓர் அட்டவணை போடுங்கள். நாள், வேதபகுதி, அந்த நாளில் சொல்லப்போகும் ஒரே விஷயம் ஒரு வாக்கியத்தில். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் அந்தத் தியானம் இன்னும் உங்களுக்குள் முதிரவில்லை. அட்டவணை முடிந்ததும் வேதபகுதிகளின் வரிசையை மட்டும் ஒருமுறை பாருங்கள். பாதிக்குமேல் சங்கீதமாக இருந்தால், சுவிசேஷங்களிலிருந்தும் நிருபங்களிலிருந்தும் தீர்க்கதரிசனப் புத்தகங்களிலிருந்தும் சிலவற்றைக் கொண்டுவாருங்கள். எல்லா நாளும் வெற்றியாக இருந்தாலும் சரியல்ல. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட விடிவு இல்லை. அது வேதாகமத்தில் இருக்கிறது என்பதே சிலருக்குப் பெரிய ஆறுதல். உங்கள் 31 நாளில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.

வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிப்பது

நல்ல தியான நூலையும் மேலோட்டமான நூலையும் பிரிப்பது இதுதான் என்பேன். வசனத்தைத் தேர்ந்ததும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதியை, முடிந்தால் அந்த அதிகாரம் முழுவதையும், இரண்டு மூன்று முறை வாசியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலையில்?

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது அட்டையிலும் நாட்காட்டியிலும் வருகிற வசனம். இது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி. அதற்கு முந்தைய வசனத்திலேயே எழுபது வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. ஐந்தாம் வசனத்தில், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொல்கிறான். கேட்பதற்கு அதுதான் இனிமை. ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை, ஜனங்களைப் பொய்யை நம்பச் செய்தாய் என்று எரேமியா அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்.

இந்தப் பின்னணியோடு எழுதினால் அந்த வசனத்தின் ஆறுதல் குறைந்துவிடுமா? இல்லை. "இந்த மாதமே உங்கள் பிரச்சினை தீரும்" என்று எழுத முடியாமல் போகும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, எழுபது வருஷம் நீளும் ஒரு காத்திருப்புக்குள்ளும் தேவன் தம் ஜனத்தைப் பற்றி நல்ல நினைவோடு இருந்தார், அந்த அந்நிய ஊரிலேயே வாழவும் சொன்னார் என்று எழுதலாம். நீண்ட காலம் காத்திருப்பவருக்கு இதுதான் தாங்கும்.

பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைத் தேர்வு வெற்றிக்கும் தொழில் வளர்ச்சிக்கும் எழுதுகிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு வசனங்களில் பவுல் பேசுவது, திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதைப் பற்றி. குறைவையும் தாங்கும் பெலன் அது.

விளக்கவுரைகளைப் பாருங்கள், ஆனால் நீங்களே அந்தப் பகுதியோடு உட்கார்ந்த பிறகு பாருங்கள். முதலிலேயே பார்த்துவிட்டால் விளக்கவுரை எழுதியவரின் குரல்தான் உங்கள் பக்கத்தில் கேட்கும்.

ஒரு பக்கத்தை எழுதுவது

வழக்கமான அமைப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தலைப்பு, வசனம், தியானம், சிறு ஜெபம். கடைசியில் வாசகர் அன்று செய்யக்கூடிய ஒரு சிறு செயலையும் சிலர் சேர்ப்பார்கள். இந்த அமைப்பையே வைத்துக்கொள்ளலாம். கடினம் என்றால் தியானத்தின் முதல் மூன்று வரிதான். "நாம் வாழும் இந்தக் கடைசி நாட்களில் பலவிதமான போராட்டங்கள்..." என்று தொடங்கினால் யாருடைய போராட்டமும் அதில் இருக்காது. குறிப்பான ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வைத்து, களைத்துப்போன ஊழியர் ஒருவருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

"கர்மேலில் அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்டவர் எலியா. அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்கிறார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. 'நேற்று நடந்ததை மறந்துவிட்டாயா?' என்று கேட்கவும் இல்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் கோபம் இல்லை. இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். போக வேண்டிய தூரம் அதிகம் என்பது மட்டுமே அவன் சொன்ன காரணம். இன்று ஜெபிக்கக்கூட உங்களுக்குப் பெலன் இல்லாமல் இருக்கலாம். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். எலியாவை எழுப்பினவர் உங்களையும் அறிந்திருக்கிறார்."

இதில் புதிய கருத்து எதுவும் இல்லை. பகுதியில் இருப்பதை வரிசையாகப் பார்த்து, இல்லாததைச் சேர்க்காமல், கடைசியில் வாசகரின் பக்கம் திரும்பியிருக்கிறது. "நீங்களும் எலியாவைப்போல் அக்கினியாய் எழும்புவீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பகுதி அப்படிச் சொல்லவில்லை என்பதால் சேர்க்கவில்லை.

ஒரு நாளுக்கு ஒரு வசனம் போதும். ஏழெட்டு வசனத்தை அடுக்கினால் வாசகர் எதையும் எடுத்துக்கொண்டு போக மாட்டார். துணை வசனம் வேண்டுமென்றால் இடத்தை மட்டும் கொடுங்கள். விருப்பமுள்ளவர் தேடிப் படிப்பார். குறையைச் சுட்டும்போது "நாம்" என்று எழுதுங்கள், "நீங்கள்" என்று விரல் நீட்டாதீர்கள். சபைக்குள் மட்டுமே புழங்கும் வார்த்தைகளை அடுக்காமல் எழுதினால் புதியவரும் கூட வருவார்.

ஜெபம் மூன்று அல்லது நான்கு வரி. தியானத்தில் சொன்னதை ஆண்டவரிடம் மறுபடி சொல்லிக்காட்டும் ஜெபம் வேண்டாம். வாசகர் அதைத் தன் வாயால் உண்மையாகச் சொல்ல முடிய வேண்டும். துக்கத்தில் இருப்பவரின் வாயில் "உம்மை மகிழ்ச்சியோடு துதிக்கிறேன்" என்ற வரியைக் கொடுத்தால் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும். "ஆண்டவரே, துதிக்க முடியவில்லை, ஆனாலும் உம்மிடம்தான் வந்திருக்கிறேன்" என்று எழுதினால் அது அவருடைய ஜெபமாகிவிடும்.

வலியில் இருப்பவரிடம் எழுதும்போது

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசி அதிகாரத்தில் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். ஆறுதல் எழுதுகிறவர்கள் யோபுவை முழுவதுமாக ஒருமுறை வாசித்துவிட்டே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இழப்புக்குக் காரணம் சொல்லாதீர்கள். "இதைவிடப் பெரிய நன்மைக்காகத்தான் தேவன் உங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டார்" என்று எழுத நமக்கு எந்த வெளிப்பாடும் இல்லை. "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12:15 சொல்கிறது. விளக்குங்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. சுகம் கேட்டு ஜெபித்துச் சுகம் வராதவர்களும் உங்களை வாசிப்பார்கள். பவுலும் தம் மாம்சத்திலிருந்த முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அவர்களுடைய விசுவாசம் குறைவு என்ற எண்ணம் வரும்படி ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றி எழுதினால் இன்னும் கவனம் வேண்டும். ஜெபம் மட்டும் போதும், மருந்தை விட்டுவிடலாம் என்ற பொருள் எங்கும் தொனிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரையும், நம்பகமான ஒருவரையும் இன்றே அணுகும்படி நேராகவே எழுதுங்கள். பவுலோடு இருந்த லூக்கா, "பிரியமான வைத்தியன்" என்றே கொலோசெயர் நிருபத்தில் அழைக்கப்படுகிறார்.

சாட்சிகளும் கதைகளும்

உங்கள் சொந்த அனுபவத்தை எழுதுங்கள், ஆனால் அளவோடு. 31 நாளில் ஆறேழு நாள் போதும். எல்லா நாளும் நீங்களே வந்தால் வாசகருக்கு இடம் இருக்காது. இன்னும் ஆறாத காயத்தை எழுதுவதையும் தள்ளிப்போடலாம்.

மற்றவர்களுடைய சாட்சி என்றால், எழுதியதை அவர்களிடமே வாசித்துக்காட்டிச் சம்மதம் வாங்குங்கள். பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சபை சிறியது, "மூன்று பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஓர் ஆசிரியை" என்றாலே எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஜெபத்துக்காக இரகசியமாகச் சொல்லப்பட்டது எதையும், எவ்வளவு நல்ல உதாரணமாக இருந்தாலும், எடுக்கவே கூடாது.

அப்புறம், கைமாறி வரும் பிரசங்க உதாரணங்கள். புகழ்பெற்ற விஞ்ஞானி ஒருவர் மரணப்படுக்கையில் சொன்னதாக, ஒரு மன்னர் பிரசங்கியாரிடம் கேட்டதாக, எத்தனையோ கதைகள் சுற்றுகின்றன. மூலம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அல்லது "ஒரு கதை சொல்வார்கள்" என்று கதையாகவே சொல்லுங்கள். சத்தியத்துக்குச் சாட்சி சொல்லும் புத்தகத்தில் நடக்காத சம்பவம் நடந்ததாக நிற்பது நியாயமல்ல.

பிரசங்கம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

குறிப்புகளும் ஒலிப்பதிவுகளும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். பிரசங்கியார் ஆஸ்வால்ட் சேம்பர்ஸ் 1917-ல் எகிப்தில் காலமானார். அவர் பேசியவற்றை அவர் மனைவி சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருந்தார். அவற்றிலிருந்து அந்த அம்மையார் தொகுத்த நாள்தியான நூல் 1927-ல் வெளிவந்து, இன்றும் வாசிக்கப்படுகிறது. உங்கள் பிரசங்கத்தையும் அப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் முப்பது நிமிடப் பேச்சை அப்படியே சுருக்க முயல வேண்டாம். அதிலிருந்து ஒரே ஒரு கருத்தை எடுத்துப் புதிதாக எழுதுங்கள். மேடையில் குரலும் கையும் செய்யும் வேலையை எழுத்து செய்யாது. ஒரே வரியை மூன்று முறை திரும்பச் சொல்வதும் ஆச்சரியக்குறிகளும் பக்கத்தில் இரைச்சலாகவே தெரியும்.

திருத்தமும் சரிபார்ப்பும்

எழுதியதை ஒரு வாரம் மூடிவையுங்கள். பிறகு சத்தமாக வாசியுங்கள்; மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக்குங்கள். அடுத்து மூன்று பேரிடம் கொடுங்கள். வேதத்தை நன்கு அறிந்த போதகர் அல்லது ஆசிரியர் ஒருவர் உபதேசத்தைப் பார்க்கட்டும். மொழி தெரிந்தவர் ஒருவர் பிழை திருத்தட்டும். மூன்றாமவர் நீங்கள் மனதில் வைத்து எழுதிய அந்த வாசகரைப் போன்றவர். அவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். "எந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள்? எந்த வரி உங்களுக்குக் கசந்தது?" என்று கேளுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த வரியாக இருந்தாலும், அவர் கசந்ததாகச் சொல்வதை எடுத்துவிடுங்கள்.

வசனங்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் வேதாகமத்தைத் திறந்துவைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அதிகார எண்ணும் வசன எண்ணும் மாறிப்போவது மிகச் சாதாரணம். புத்தகம் முழுவதும் ஒரே மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தி, எது என்று முன்பக்கத்தில் குறிப்பிடுங்கள். புதிய மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு. எத்தனை வசனம் வரை அனுமதியின்றி எடுக்கலாம் என்பதை அதன் பதிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டு வரிகளும் அப்படியே. இன்று பாடுகிறவர்களின் பாடல்களை அனுமதி இல்லாமல் அச்சிட வேண்டாம்.

அச்சுக்குப் போகும் முன்

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். மின்னூலுக்கும் அதுவே உதவும். பக்க வடிவமைப்பு முடிந்த கோப்பை மறுபடி முழுதாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் எழுத்துரு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. முதியவர்களும் நோயாளிகளும் வாசிப்பார்கள் என்றால் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். ஒவ்வொரு தியானமும் விரித்த இரண்டு பக்கத்துக்குள் முடிந்தால் புரட்டாமல் வாசிக்கலாம். 31 நாளுக்கு 62 பக்கம். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம் சேர்ந்து எழுபதை ஒட்டி வரும். அச்சகத்தில் பெரும்பாலும் 16 பக்கத்தை ஒரு பாரமாகக் கணக்கிடுவார்கள். ஐந்து பாரம், அதாவது 80 பக்கம் என்று திட்டமிட்டால், மிஞ்சும் பக்கங்களை வாசகர் தன் ஜெபக் குறிப்புகளை எழுத வெற்றிடமாக விடலாம். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் வாங்கினால் அச்சுப் பதிப்புக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று வேண்டும்.

முதல் முறை குறைவாக அச்சிடுங்கள். எவ்வளவு பார்த்தாலும் பிழைகள் தப்பும். இரண்டாம் பதிப்பில் திருத்திவிடலாம். முதல் பிரதிகளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அன்பளிப்பாக வாரிக் கொடுப்பதைவிட, துக்க வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தவறாமல் போய்வருகிறவர்களிடம் சில பிரதிகளை ஒப்படைப்பது நல்லது. யாருக்குத் தேவை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசிப் பக்கத்தில் தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தால், எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுத நேரம் ஒதுக்கிவையுங்கள். சிலர் தங்கள் வாழ்க்கையையே கொட்டி எழுதுவார்கள். உங்களால் தாங்க முடியாத பாரமாக இருந்தால், அவருடைய சம்மதத்தோடு அவர் அருகில் உள்ள போதகரையோ ஆலோசகரையோ அறிமுகப்படுத்திவிடுங்கள்.